வெறுங்கையோடு போகிற வீடுகள்

நோயாளி வீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாது. எங்கள் அம்மா இதை ஒரு சட்டம் போலவே வைத்திருந்தார். தெரிந்தவர் யாராவது மதுரைப் பெரியாஸ்பத்திரியில் கிடக்கிறார் என்றால், பனகல் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதல் வேலை பழக்கடைதான். அரை டஜன் சாத்துக்குடி, ஒரு பிரெட் பாக்கெட். கையில் காசு புரளுகிற மாதமாக இருந்தால் ஹார்லிக்ஸ். காசே இல்லாத மாதத்தில் ஆஸ்பத்திரிக்குப் போவதையே தள்ளிப்போட்டிருக்கிறார். ஒருமுறை அப்படித் தள்ளிப்போட்டதில் எங்கள் சின்னத் தாத்தாவைக் கடைசியாகப் பார்க்க முடியாமல் போனது. "கையில ஒண்ணுமில்லாம எப்படிப் போய் நிக்கிறது" என்று அம்மா அன்று அழுத குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

அதனால் 2014-இல் எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலில், நோயாளிகளை வீடு தேடிப் போய்ப் பார்க்கிற மரியாயின் சேனை என்ற சபையில் சேர்ந்து, முதல் சனிக்கிழமை வீடு சந்திக்கக் கிளம்பியபோது நானும் பையோடுதான் போனேன். என்னோடு ஜோடியாகப் போட்டிருந்தவர் என்னைவிட இருபது வயது மூத்தவர். பெரியக்கா என்றுதான் கூப்பிடுவேன். கோயில் வாசலில் நின்றுகொண்டிருந்தவர் பையைப் பார்த்தார்.

"உள்ள என்ன?"

"ஹார்லிக்ஸ்க்கா. கொஞ்சம் பழம்."

"கொண்டுபோய் வீட்டுல வச்சிட்டு வா. நான் இங்கனயே நிக்கிறேன்."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. வீட்டுக்குப் போய் வைத்துவிட்டு வந்தேன். வழியெல்லாம் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

செல்லூரில் தறிச் சத்தம் கேட்கிற ஒரு சந்தில் அந்த வீடு. ஆர்வி மில்லில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்த தாத்தா ஒருவர். பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுக்க விழுந்து, பேச்சும் போய்விட்டது. கட்டிலுக்குப் பக்கத்தில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. பெரியக்கா உட்கார்ந்தார், நானும் உட்கார்ந்தேன். ஜெபமாலையில் பத்து மணிகளுக்கு ஜெபம் சொன்னோம். அப்புறம் ஒன்றும் நடக்கவில்லை. பெரியக்கா தாத்தாவின் இடது கையைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தார். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். எனக்கோ ஏதாவது பேசியாக வேண்டும் போல இருந்தது. டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்க வாயெடுத்தேன். பெரியக்கா என் பக்கம் திரும்பிப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பாட்டி அடுப்படியிலிருந்து இரண்டு சில்வர் டம்ளரில் காபி கொண்டுவந்தார். நிறைய சர்க்கரை. பெரியக்காவுக்குச் சர்க்கரை வியாதி என்று எனக்குத் தெரியும். முழுதாகக் குடித்து முடித்து, "நல்லா இருக்குத்தா" என்றார். பாட்டி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். வெளியே வந்ததும் பெரியக்கா சொன்னது இது: "மூணு மாசமா அந்த வீட்டுக்கு வர்றவங்க எல்லாம் குடுக்கத்தான் வர்றாங்க. அந்தப் பொம்பள வாங்கி வாங்கிக் குனிஞ்சு போயிருக்கா. இன்னிக்கு அவ குடுத்தா, நாம வாங்குனோம்."

நோயாளிக்குப் பழம் கொண்டுபோவதில் தப்பு எதுவும் இல்லை. உறவுக்காரர்கள் கொண்டுபோகத்தான் வேண்டும். ஆனால் மரியாயின் சேனையில் பொருளுதவி கூடாது என்பது விதி. ஆரம்பத்தில் எனக்கு இது கல்நெஞ்சு விதியாகத் தெரிந்தது. அயர்லாந்தின் டப்ளின் நகரத்தில் 1921 செப்டம்பர் 7 அன்று பிராங்க் டஃப் என்ற அரசு ஊழியரும் சில பெண்களும் ஒரு பாதிரியாரும் கூடித் தொடங்கிய சபை இது. அந்தப் பெண்கள் எடுத்துக்கொண்ட முதல் வேலையே ஏழைகளின் ஆஸ்பத்திரியில் கிடந்த நோயாளிகளைப் போய்ப் பார்ப்பதுதான். இரண்டு இரண்டு பேராகப் போவார்கள். வாரா வாரம் போவார்கள். இன்றைக்கும் மதுரையில் ஏதோ ஒரு சந்தில் நாங்கள் இரண்டு பேராகப் போவது அந்த வழக்கம்தான். வாரத்துக்கு இரண்டு மணி நேரமாவது இப்படிப் பணி செய்ய வேண்டும்.

அப்படியென்றால் பசிக்கிற வீட்டுக்கு? அதற்கு வின்சென்ட் தே பவுல் சபை இருக்கிறது. அது இன்னும் பழையது. பாரிஸில் 1833-இல், பிரெடெரிக் ஒசானாம் என்ற இருபது வயது மாணவரும் அவருடைய நண்பர்களும் தொடங்கியது. அவர்களும் வீடு தேடித்தான் போவார்கள், ஆனால் அரிசியோடு, மருந்துச் சீட்டுக்குப் பணத்தோடு. எங்கள் பங்கில் இரண்டு சபையும் ஒரே அறையை மாற்றி மாற்றிப் பயன்படுத்துகின்றன. ஒரு வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று எங்களுக்குத் தெரிந்தால் வின்சென்ட் சபைத் தலைவரிடம் சொல்வோம். ஒரு மழைக்காலத்தில் அப்படிச் சொன்ன அன்றே ராத்திரி எட்டு மணிக்கு அந்த அண்ணன் பத்துக் கிலோ அரிசியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார். நாங்கள் கொடுத்திருந்தால் என்ன என்று அன்று பெரியக்காவிடம் சண்டை போட்டேன். "குடுத்தா அடுத்த வாரம் நம்ம கையைத்தான் பார்ப்பாங்க, மூஞ்சியப் பாக்கமாட்டாங்க" என்றார். ஒப்புக்கொள்ள எனக்கு இரண்டு வருஷம் ஆனது.

செல்லூர்த் தாத்தாவைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு சனிக்கிழமை நாங்கள் உட்கார்ந்திருக்கும்போது, இடது கையைத் தூக்கி ஜன்னல் பக்கம் காட்டினார். என்ன என்று எங்களுக்குப் புரியவில்லை. "மில்லுச் சங்கு ஊதுற நேரமாம்" என்று பாட்டி சொன்னார். அந்த வீட்டில் சங்குச் சத்தம் கேட்டு வருஷக்கணக்கில் ஆகிறதாம். ஆனாலும் ஷிப்டு மாறுகிற நேரத்தை அவர் உடம்பு வைத்திருந்தது. அடுத்த வாரத்திலிருந்து அவர் கையைத் தூக்கினால் நாங்கள் மூன்று பேரும் பேச்சை நிறுத்தி ஜன்னலைப் பார்ப்போம். அவர் கை இறங்கியதும் பேசுவோம். அவர் சாகும்வரை இப்படித்தான்.

இப்போது, நாங்கள் போன இன்னொரு வீட்டில் இருந்த அப்பத்தா. அவரை நான் ஏழு வருஷம் போய்ப் பார்த்தேன். அதனால் அவரைப் பற்றி நிறைய வரும்.

தனியாக இருந்தவர். மகன் ஓசூரில், மகள் துபாயில். இருவரும் பணம் அனுப்புவார்கள், போன் செய்வார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் இல்லை. இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆன பிறகு அப்பத்தாவுக்கு வாக்கரைப் பிடித்து வாசல்வரை வர முடியும், அவ்வளவுதான். ஆண்டுதோறும் பிப்ரவரி 11, லூர்து மாதா திருநாளன்று நோயாளிகளுக்காகத் தனிப் பூசை உண்டு. பாப்பரசர் இரண்டாம் ஜான் பால் 1992-இல் அறிவித்து, 1993 முதல் உலகம் முழுக்க நடக்கிற நோயாளர் நாள். கோயில் வாசலில் ஆட்டோக்கள் வரிசையாக நிற்கும். பேரப்பிள்ளைகள் தூக்கிக்கொண்டு வருவார்கள், சாமி நோயில்பூசுதல் கொடுப்பார், அதாவது நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிப்பார். 2017 வரை அப்பத்தாவையும் ஆட்டோவில் கூட்டிப்போனோம். அதற்கப்புறம் அவரால் ஆட்டோவில் ஏற முடியவில்லை.

அதனால் மாதத்தின் முதல் வெள்ளிக்காகக் காத்திருப்பார். அன்றைக்குத்தான் பங்குச்சாமி வீட்டுக்கு நற்கருணை, அதாவது பூசையில் அர்ச்சித்த அப்பம், கொண்டுவருவார். சாமி வருவதோ பத்து மணிக்கு. அப்பத்தா நாலு மணிக்கே எழுந்து பக்கத்து வீட்டுப் பெண்ணைத் தலை சீவிவிடச் சொல்லிக் கூப்பிடுவார். சின்ன ஸ்டூல், அதன்மேல் வெள்ளைத் துணி, சிலுவையில் இயேசு தொங்குகிற பாடுபட்ட சுரூபம், ஒரு மெழுகுதிரி, டம்ளரில் கொஞ்சம் தண்ணீர். துணி கஞ்சி போட்டுத் தேய்த்ததாக இருக்க வேண்டும். ஒருமுறை அவசரத்தில் சாதாரண துண்டை விரித்துவிட்டேன். "இது கை தொடைக்கிறதுல்ல, ஏத்தா?" என்றார். நான் மன்னிப்புக் கேட்டு மாற்றினேன். உடம்பில் எதுவுமே தன் சொல் கேட்காத ஒருவருக்கு அந்த ஸ்டூல் மட்டும் தான் சொன்னபடி இருந்தது. அதை நான் கெடுத்திருக்கக் கூடாது.

அந்தப் பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பற்றிச் சொல்லாமல் விடக் கூடாது. அவர்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. அப்பத்தா வீட்டுச் சாவி அவர்களிடம்தான் இருந்தது. இட்லி மாவு ஆட்டினால் ஒரு கிண்ணம் இங்கே வரும். சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று மட்டும் காலையில் போய்விட்டு மதியத்துக்குள் ஓடி வந்துவிடுவார், அப்பத்தா தனியாக இருக்கிறாரே என்று. நாங்கள் ஜெபம் சொல்லும்போது அவரும் கதவோரம் வந்து நிற்பார். "எங்க வீட்டுக்காரருக்கும் சேத்துச் சொல்லுங்க" என்பார். வாரத்துக்கு ஒரு மணி நேரம் போகிற எங்களைப் பற்றித்தான் பங்குத் திருவிழாவில் பாராட்டிப் பேசுவார்கள். தினமும் கவனித்த அந்தப் பெண்ணின் பெயர் எந்த மேடையிலும் வந்ததில்லை. அரசாங்கத்தின் மக்களைத் தேடி மருத்துவம் 2021-இல் வந்த பிறகு பிரஷர், சுகர் மாத்திரையைக் கையில் பையோடு ஒரு பெண் வீட்டுக்கே கொண்டுவந்தார். அவருக்கும் அப்பத்தா காபி கொடுப்பார்.

அப்பத்தாவிடம் நான் படித்தது ஜெபம். எனக்குத் தெரிந்தது "அருள் நிறைந்த மரியே வாழ்க". அப்பத்தா சொல்வது "பிரிய தத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க". நான் "விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே" என்று ஆரம்பித்தால் அவர் "பரமண்டலங்களிலே இருக்கிற எங்கள் பிதாவே" என்பார். ஆரம்பத்தில் இருவரும் வேறு வேறு வார்த்தையில் மோதிக்கொள்வோம். ஒருநாள் பெரியக்கா, "அவங்க வீட்டுல அவங்க ஜெபம்" என்றார். அப்பத்தா சொல்லிக்கொடுக்க நான் நோட்டில் எழுதி மனப்பாடம் செய்தேன். தப்பாகச் சொன்னால் நிறுத்தி, திரும்பச் சொல்லச் சொல்வார். எண்பத்திரண்டு வயதில் ஒருவருக்கு டீச்சர் வேலை கிடைத்தால் முகம் எப்படி இருக்கும் என்று நான் பார்த்தேன். கடைசி வருஷம் மகளின் பெயர் மறந்துபோனது, என் பெயர் போய்விட்டது, இந்த ஜெபம் போகவில்லை. நான் ஒரு வார்த்தை தடுமாறினால் கண்ணை மூடிக்கொண்டே எடுத்துக்கொடுப்பார்.

நாங்கள் கிளம்பும்போது முற்றத்து முருங்கையிலிருந்து ஒரு கொத்துக் கீரை. மரத்தில் இலையே இல்லாத கோடையிலும் எதையாவது தேடி எடுத்துவைத்திருப்பார். இரண்டு எலுமிச்சம்பழம், ஒரு பழைய காலண்டர் படம். வெறுங்கையோடு போன நான் ஏழு வருஷம் கை நிறையத்தான் அந்த வீட்டிலிருந்து திரும்பியிருக்கிறேன்.

2020 மார்ச்சில் எல்லாம் நின்றது. சனிக்கிழமை ஐந்து மணிக்குப் போனில் கூப்பிட்டு ஜெபம் சொன்னோம். மறு வருஷம் மே மாதம் நாங்கள் சந்தித்துவந்த வீடுகளில் மூன்று பேர் இறந்துபோனார்கள். ஒருவரைக்கூட வாசலில் நின்று பார்க்க முடியவில்லை. அதைப் பற்றி என்னால் இன்னும் நிறைய எழுத முடியாது.

போகிற வீட்டில் கேட்டது வெளியே போகக் கூடாது என்பதும் எங்கள் விதி. வாரக் கூட்டத்தில் வெள்ளைத் துணி விரித்து, மாதா சுரூபம், இரண்டு பூச்சாடி, இரண்டு மெழுகுதிரி வைத்து, ஜெபமாலை சொன்ன பிறகு ஒவ்வொரு ஜோடியும் பணியைச் சொல்வோம். "ஒரு நோயாளியைச் சந்தித்தோம், இரண்டு மணி நேரம்." நோட்டில் எழுதப்படுவது அவ்வளவுதான். மருமகள் திட்டியது, மகன் சொத்து எழுதி வாங்கியது எதுவும் அங்கே வராது. இங்கேயும் நான் வீடுகளின் அடையாளத்தை மாற்றித்தான் எழுதுகிறேன்.

இப்போது சில இளைஞர் குழுக்கள் நல்ல மனதோடு கிளம்புகிறார்கள். எனக்கு மிகவும் சந்தோஷம். ஒன்றே ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். போட்டோ எடுக்காதீர்கள். படுக்கையில் கிடக்கிறவர் நைட்டி கசங்கி, பல்செட் கழற்றி வைத்து இருப்பார். அந்த முகம் பங்கு வாட்ஸாப் குழுவில் வருவதை அவர் ஒருநாளும் விரும்பமாட்டார். வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் சிரிப்பார். அந்தச் சிரிப்பைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அப்புறம் நான் செய்த தவறு. இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். அது நடந்த வீட்டு அம்மாவிடம் கேட்டு, அவர் சரி என்ற பிறகே எழுதுகிறேன்.

ரிங் ரோட்டில் பைக் விபத்து. பத்தொன்பது வயதுப் பையன். போலீஸ் வேலைக்காக ஓடிப் பழகிக்கொண்டிருந்தவன். அடக்கம் முடிந்து எட்டாம் நாள் போனோம். வீடு நிறைய ஆட்கள், ஷாமியானா இன்னும் கழற்றவில்லை. அந்த அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, கையைப் பிடித்து, "ஆண்டவருக்கு நல்ல பிள்ளை தேவைப்பட்டிருக்கும்மா, அதான் எடுத்துக்கிட்டார்" என்றேன். அதை எங்கே கேட்டேன், ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. எத்தனையோ துக்க வீட்டில் எல்லோரும் சொல்கிற வார்த்தை.

அவர் என்னைப் பார்த்தார். "உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?"

"ரெண்டு."

"ரெண்டும் இருக்கா?"

எழுந்து உள்ளே போய்விட்டார். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

திரும்பி வரும்போது பெரியக்கா என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தெரு முனையில் நின்று, "அடுத்த சனிக்கிழம அஞ்சு மணி" என்று மட்டும் சொன்னார். நான் வரமாட்டேன் என்றேன். "நீதான் வரணும்" என்றார்.

அடுத்த வாரம் கதவு திறக்கவில்லை. வாசல் திண்ணையில் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தோம். அதற்கடுத்த வாரமும் அப்படியே. முப்பதாம் நாள் பூசைக்குக் கோயில் நிறைந்து வழிந்தது. பிரியாணிப் பொட்டலம் கொடுத்தார்கள். துக்க வீட்டுக்கு ஆள் வருவது எங்கள் பக்கம் அந்த முப்பதாம் நாளோடு முடிகிறது. சொந்தக்காரர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள், ஷாமியானாக்காரர் வந்து கம்பை உருவிக்கொண்டு போவார், வீட்டுக்காரர் வேலைக்குப் போயாக வேண்டும். ஐந்தாவது வாரம் நாங்கள் போனபோது கதவு சும்மா சாத்தியிருந்தது. தள்ளிக்கொண்டு உள்ளே போனோம். அந்த அம்மா தரையில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். எங்களை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. பெரியக்கா எதிரில் உட்கார்ந்து ஒரு கை அவரைக்காயை எடுத்து நார் உரிக்க ஆரம்பித்தார். நானும் எடுத்தேன். அன்று ஜெபம்கூடச் சொல்லவில்லை. சட்டியில் விழுகிற காய்ச் சத்தம் மட்டும்தான்.

இப்படி எத்தனை வாரம் என்று எண்ணவில்லை. கொத்தவரங்காய், கீரை, சின்ன வெங்காயம். ஒருநாள் அவராகவே எழுந்து போய் ஒரு செல்போனைக் கொண்டுவந்தார். மூலையில் கண்ணாடி கீறியிருந்தது. பையனின் போன்.

"உள்ள போட்டோ நிறைய இருக்கும். லாக் போட்டிருக்கான். உங்களுக்குத் தெரியுமா எடுக்க?"

எங்களுக்குத் தெரியவில்லை. கடையில் கொடுத்தால் திறந்துவிடலாம், ஆனால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துபோகலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதனால் கடைக்கும் கொடுக்கவில்லை. அவனுடைய கூட்டாளிகள் தெரிந்த கோடெல்லாம் போட்டுப் பார்த்தார்களாம். நான் அதைக் கையில் வாங்கினேன். ஏதாவது ஆறுதல் சொல்லவேண்டும் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. திருப்பிக் கொடுத்தேன். அவர் அதை அலமாரிக்குப் பக்கத்தில் சார்ஜில் போட்டார்.

"தெனமும் போடுவேன். அணைய விடுறதில்ல."

ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. அவரைக்காயும் முடிந்துவிட்டது. கிளம்பலாம் என்று எழுந்தபோது அந்தப் போன் அடித்தது. யாரோ கூப்பிடுகிறார்கள் என்று நான் நினைத்தேன். அவர் அசையவில்லை. மைதானத்துக்கு ஓடப் போவதற்காக அவன் சாயங்காலம் ஐந்தரைக்கு வைத்திருந்த அலாரம். யாரும் நிறுத்தாவிட்டால் கொஞ்ச நேரம் அடித்து அதுவாக நின்றுவிடும்.

அன்றிலிருந்து நாங்கள் போகிற நேரத்தை மாற்றிக்கொள்ளவில்லை. பெரியக்காவுக்கு இப்போது மூட்டு வலி, தரையில் உட்கார முடியாது, அந்த அம்மா அவருக்கென்று ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறார். ஐந்து மணிக்குப் போகிறோம், காய் நறுக்குகிறோம், சில நாள் ஜெபம் சொல்கிறோம், சில நாள் இல்லை. ஐந்தரைக்கு அலாரம் அடிக்கும். நாங்கள் மூன்று பேரும் கையை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்போம். அது ஓய்ந்த பிறகு அவர் எழுந்து காபி போடப் போவார்.